அசோகர் எப்போது மரம் நட்டார்?

நண்பர் ஒருவர் போன மாதம் புது கார் வாங்கினார். டெலிவரி எடுத்த அன்று ஷோரூமில் சாவியோடு ஒரு வேப்பங்கன்றையும் கையில் கொடுத்து போட்டோ எடுத்தார்களாம். நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுக்கி, கன்றைப் பின் சீட்டில் உட்கார வைத்து, நேராக என் வீட்டுக்குத்தான் வந்தார். ஸ்வீட் பாக்ஸை நீட்டிவிட்டுச் சொன்னார்:

“இனிமே நிம்மதியா ஓட்டலாம் ஸார். இந்தப் பக்கம் புகை, அந்தப் பக்கம் மரம். கணக்கு டேலி!”

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. ஏனென்றால், எங்கள் வீட்டு வாசலுக்கு எதிரே ஒரு புங்க மரம் நிற்கிறது. நட்டவன் நான். ஆறு வருடங்களுக்கு முன், கார் வாங்கிய இரண்டாவது மாதம் நட்டேன். காரணம், நண்பர் சொன்ன அதே காரணம்தான். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கன்று நட்ட மறுநாள், முந்நூறு மீட்டர் தள்ளியிருக்கிற கடைக்குக் கொத்தமல்லிக் கட்டு வாங்க காரில் போனேன். முந்தின வாரம் வரை நடந்துதான் போய்க்கொண்டிருந்தேன்.

அந்த ‘கணக்கு டேலி’யை இந்த வாரம் கொஞ்சம் தட்டிப் பார்க்கலாம். கையில் கால்குலேட்டர் இருந்தால் எடுத்துக் கொள்ளுங்கள்.

ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. அது எரிந்தால் வருகிற கரியமில வாயு சுமார் 2.3 கிலோ. முக்கால் கிலோ எப்படி 2.3 கிலோ ஆகும் என்று கேட்பீர்கள். மாயமில்லை. பெட்ரோலில் இருக்கிற ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்ஸிஜன் அணுக்களைச் சேர்த்துக் கொண்டு வெளியே போகிறது. எடையில் பெரும்பகுதி அந்த ஆக்ஸிஜனுடையது.

என் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கிறது. (விற்கும்போது சொன்னது 20. அது வேறு கதை.) வருடத்துக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டுகிறேன் என்று வைத்துக் கொள்ளுங்கள். 667 லிட்டர். கரியமில வாயு ஒன்றரை டன்.

நன்றாக வளர்ந்த ஒரு மரம் வருடத்துக்குச் சுமார் 20 கிலோ கரியமில வாயுவை உறிஞ்சும் என்று தோராயமாகச் சொல்வார்கள். மண், மழை, மரத்தின் ஜாதி எல்லாவற்றையும் பொறுத்து இது கூடும், குறையும். 20 என்றே எடுத்துக் கொண்டால், என் ஒரு காருக்கு 75 மரங்கள் வேண்டும். மரத்துக்கு மரம் ஐந்து மீட்டர் இடைவெளி விட்டால் எட்டு கிரவுண்டுக்கு மேல் நிலம் வேண்டும். நான் குடியிருப்பது 900 சதுர அடி ஃப்ளாட். நட்டது ஒரே ஒரு புங்கன்.

அதுவும் நான் சொன்னது வளர்ந்த மரத்தின் கணக்கு. கன்றுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. இன்று காலை நான் விட்ட புகை இன்று காலையே காற்றில் சேர்ந்துவிட்டது. கன்று அதைத் தவணை முறையில், பல வருடங்களில், துளித்துளியாகத் திருப்பிக் கட்டும். அதுவும் உயிரோடு இருந்தால். கடன் வாங்கினவன் நான். இ.எம்.ஐ. கட்ட வேண்டியது, இன்னும் நாலு இலைகூட விடாத ஒரு செடி.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. பெட்ரோல் என்பது என்ன? பல கோடி வருடங்களுக்கு முன் கடலில் மிதந்த நுண்ணுயிர்கள் செத்து, அடியில் படிந்து, மண்ணுக்குள் அழுந்தி உருவானது. பூமி அந்தக் கார்பனை லாக்கரில் வைத்துப் பூட்டியிருந்தது. நாம் லாக்கரை உடைத்து வெளியே எடுத்துவிட்டு, “பதிலுக்கு மரத்தில் போட்டு வைக்கிறேன்” என்கிறோம். மரம் லாக்கர் இல்லை ஸார், சட்டைப் பை. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையில் அடித்தபோது, ஒரே நாளில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்ததைப் பார்த்தோமே. விழுந்த மரம் மக்கினாலும் எரிந்தாலும், உள்ளே இருந்த கார்பன் திரும்பக் காற்றுக்கே போகிறது. நாம் விடுகிற கரியமில வாயுவில் ஒரு பகுதியோ, ஆயிரம் வருடம் கழித்தும் காற்றில் இருக்கும். ஆயிரம் வருடக் கடனுக்கு ஐம்பது வருட ஜாமீன்!

கணக்கு இவ்வளவு இடித்தும் இந்த வியாபாரம் உலகம் முழுக்க நடக்கிறது. 2019-ல் நெதர்லாந்தில் ஷெல் பெட்ரோல் பங்க்குகளில் ஒரு திட்டம் கொண்டு வந்தார்கள். லிட்டருக்கு ஒரு சென்ட் கூடுதலாகக் கொடுத்தால், அந்தப் பணம் காடு வளர்க்கவும் காக்கவும் போகும். நீங்கள் கரியமில வாயுவே விடாமல் ஓட்டினதாகக் கணக்கு. கால்குலேட்டரை இன்னொரு முறை தட்டுங்கள். ஒரு டன் கரியமில வாயு வர சுமார் 435 லிட்டர் எரிய வேண்டும். 435 சென்ட் என்றால் நாலரை யூரோகூட இல்லை. ஒரு டன் பாவத்தின் விலை, ஒரு ஹோட்டல் காப்பி, பக்கத்தில் ஒரு பன்! சட்டம் படிக்கிற மாணவர்கள் சிலர் புகார் கொடுக்க, 2021-ல் அங்கே விளம்பரங்களைக் கண்காணிக்கிற குழு, இந்த விளம்பரம் மக்களைத் தவறாக நம்ப வைக்கிறது என்று தீர்ப்புச் சொன்னது.

பாவத்துக்கு ரசீது கொடுப்பது ஐரோப்பாவுக்குப் புதிதில்லை. பதினாறாம் நூற்றாண்டில் சர்ச்சுக்குப் பணம் கொடுத்துப் பாவத் தண்டனையைக் குறைத்துக் கொள்ளும் சீட்டுகள் விற்றார்கள். ரோமில் செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயம் கட்ட நிதி வேண்டியிருந்தது. 1517-ல் மார்ட்டின் லூதர் இதை எதிர்த்து 95 வாதங்களை எழுதினார். கிறிஸ்தவ உலகமே இரண்டாகப் பிளந்தது. சரித்திரத்துக்கு நகைச்சுவை உணர்ச்சி உண்டு. சரியாக 490 வருடம் கழித்து, 2007-ல், ஒரு கம்பெனி வாடிகனுக்கே போய், “உங்கள் கரியமில வாயுவுக்கு ஈடாக ஹங்கேரியில் ஒரு காடு வளர்த்துத் தருகிறோம்” என்றது. வாடிகன் ஏற்றுக் கொண்டது. சான்றிதழ் வந்தது. படம் எடுத்தார்கள். 2010-ல் ஒரு பத்திரிகை விசாரித்தபோது அங்கே ஒரு மரம்கூட நடப்படவில்லை.

நாம் ரொம்பச் சிரிக்க வேண்டாம். நம் ஊரிலும் வருடம் முழுக்க வாங்கின கையூட்டில் பத்து பர்சென்ட்டை உண்டியலில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மீதித் தொண்ணூறு வெள்ளையாகிவிடும் என்று அவர்களுக்கு யார் சொன்னது? சாமி சொல்லவில்லை.

இவ்வளவு தூரம் ஒரு கட்சியாகவே பேசிவிட்டேன். எதிர்க்கட்சி வக்கீலையும் கூப்பிட வேண்டும். சாதாரண வக்கீல் இல்லை; ஆக்ஸ்ஃபோர்டில் தத்துவப் பேராசிரியராக இருந்த ஜான் புரூம். 2012-ல் வெளியான ‘க்ளைமேட் மேட்டர்ஸ்’ என்ற புத்தகத்தில் அவர் சொல்வதன் சாரம் இதுதான். என் புகை யாருக்கோ தீங்கு செய்கிறது. தீங்கு செய்யாதிருப்பது நீதியின் கடமை. நான் காற்றில் ஒரு டன் சேர்த்து, வேறொரு இடத்தில் நிஜமாகவே ஒரு டன்னைக் குறைத்துவிட்டால், மொத்தத்தில் நான் யாருக்கும் தீங்கு செய்யவில்லை. காற்றுக்கு ஊர் பேர் தெரியாது. சென்னையில் ஏறினது கென்யாவில் இறங்கினால் போதும்.

இதை லேசாகத் தள்ள முடியாது. 2007-ல் இங்கிலாந்தில் சில இளைஞர்கள் தள்ளிப் பார்த்தார்கள், கேலியாக. கணவனோ மனைவியோ துரோகம் செய்துவிட்டால், ஒரு சின்னக் கட்டணம் கட்டலாம். அந்தப் பணம் வேறெங்கோ ஒருவர் ஒழுக்கமாக இருப்பதற்காக அவருக்குப் போகும். உலகத்தில் துரோகத்தின் மொத்த அளவு கூடவில்லை அல்லவா? கணக்கு டேலி!

வயிறு குலுங்கச் சிரிக்கலாம். ஆனால் யோசித்தால் இந்தக் கேலி முழுக்கப் பொருந்தாது. துரோகத்தில் காயம் பட்டவர் ஒருவர். அவருக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். ஊரில் யாரோ ஒழுக்கமாக இருப்பதால் அவர் காயம் ஆறாது. புகை அப்படியில்லை. அங்கே மொத்தம்தான் முக்கியம். அதனால் புரூம் சொல்கிற ‘நிஜமாகவே குறைத்துவிட்டால்’ நிறைவேறினால், அவர் ஜெயித்துவிடுகிறார்.

என் சிக்கல் அந்த ‘நிஜமாகவே’யில் இருக்கிறது. யார் குறைக்கிறார்கள்? நான் பணம் கொடுத்தேன். மரத்தை வளர்ப்பது யார்?

2002-ல் கோல்ட்ப்ளே என்ற இங்கிலாந்து இசைக்குழு ஓர் ஆல்பம் வெளியிட்டது. அந்த ஆல்பம் தயாரிப்பதில் வெளியான கரியமில வாயுவுக்கு ஈடாக, கர்நாடகத்தில் 10,000 மாங்கன்றுகள் நட ஏற்பாடு. நிழலும் கிடைக்கும், பழமும் கிடைக்கும், கிராமத்துக்கு வருமானமும் வரும். நல்ல எண்ணம்தான், சந்தேகமில்லை. 2006-ல் லண்டன் பத்திரிகை ஒன்று குடிபண்டே பக்கம் போய் விசாரித்தது. கன்றுகளில் நிறைய செத்துப் போயிருந்தன. வறண்ட பூமி. கன்று வந்தது, தண்ணீருக்கு வழி வரவில்லை என்றார்கள் ஊர்க்காரர்கள். சொந்தக் கிணறு இருந்தவர்களால் கொஞ்சம் காப்பாற்ற முடிந்தது.

கொஞ்சம் நிதானித்து அந்தப் படத்தை மனசில் கொண்டு வாருங்கள். குடத்தைத் தூக்கிக் கொண்டு கன்றுக்குத் தண்ணீர் ஊற்றப் போகிற ஒரு பெண். வெளிநாட்டு ஸ்டுடியோ ஒன்றில் பாட்டு ரெகார்ட் ஆனதற்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்? அவளுக்கு அந்தப் பாட்டே தெரியாது. அந்த ஆல்பத்தின் பாவத்தைத் தலையில் சுமந்து, வெயிலில் நடந்து, கழுவ வேண்டியது அவள். குடிக்கவே தண்ணீர் யோசித்துச் செலவழிக்கிற ஊரில், கன்று செத்தால் குற்றவாளியும் அவள்தான்.

கணக்குப் புத்தகத்தில் இது தெரியாது. அங்கே ‘மரம்: 10,000’ என்று மட்டும் இருக்கும்.

இதை எழுதும்போது என் புங்க மரத்தை ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். அதுவும் கிட்டத்தட்ட அதே கதைதான். நட்ட முதல் கோடையில் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போனோம். காரில்தான். பத்து நாள். திரும்பி வரும்போது கன்று கருகியிருக்கும் என்று நினைத்தேன். பச்சென்று இருந்தது. புதிதாக ரெண்டு தளிர் வேறு. தெருமுனையில் வண்டி போட்டிருக்கிற இஸ்திரிக்காரரிடம் கேட்டேன்.

“வாடிப் போச்சு ஸார். தெனம் ரெண்டு வேளை ஒரு குடம் ஊத்தினேன். மாடு கடிக்காம சுத்தி முள்ளு வச்சேன்” என்றார்.

“எதுக்கு நீங்க சிரமப்பட்டீங்க?”

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். “நெழலுக்குத்தான் ஸார். வேற எதுக்கு?”

இன்று அவர் வண்டி அந்த மரத்தடியில்தான் நிற்கிறது. தண்ணீர் லாரி வராத நாளில் அந்தக் குடத்தை எங்கிருந்து கொண்டு வந்தார் என்று நான் கேட்கவில்லை. அவரிடம் காரில்லை, சைக்கிள் இருக்கிறது. அவர் பெட்டியில் எரிகிற கரியைக் கணக்கில் சேர்க்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாகச் சேர்த்துக் கொள்ளுங்கள். அதில் தேய்ந்து மடிந்து வருவது என் சட்டை என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள். பிறகு சொல்லுங்கள், அந்த மரம் யாருடைய வரவில் போக வேண்டும்? ஆறு வருடமாக என் வரவில் வைத்திருந்தேன்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன்.

பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படித்த எல்லோருக்கும் மற்றதெல்லாம் மறந்தாலும் ஒரு வரி மறக்காது: அசோகர் சாலையோரங்களில் மரங்களை நட்டார். பரீட்சையில் எந்த மன்னரைப் பற்றிக் கேட்டாலும் ‘குளங்களை வெட்டினார், மரங்களை நட்டார்’ என்று எழுதி மார்க் வாங்கினவர்கள் நாம். அவர் எப்போது நட்டார் என்று யாரும் கேட்டதில்லை, நாமும் யோசித்ததில்லை.

அசோகர் ஆட்சிக்கு வந்த எட்டாவது வருடம் கலிங்கப் போர். அவருடைய பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டு அந்தக் கணக்கைச் சொல்கிறது. ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். ஒன்றரை லட்சம் பேர் நாடு கடத்தப்பட்டார்கள். அதைவிடப் பல மடங்கு பேர் மற்ற விதங்களில் இறந்தார்கள். வருந்துகிறேன் என்கிறார். தனக்குப் பின் வருகிற பிள்ளைகளும் பேரன்களும் புதிய வெற்றிகளைத் தேட வேண்டாம் என்கிறார்.

மரம் அதற்குப் பிறகு வருகிறது. டெல்லி ஃபெரோஸ் ஷா கோட்லாவில் இன்றைக்கும் ஒரு தூண் நிற்கிறது, ஊர்ப் புகைக்கெல்லாம் நடுவில். அதில் உள்ள ஏழாம் கல்வெட்டில், சாலையோரம் ஆலமரங்கள் வைத்ததையும் மாந்தோப்புகள் போட்டதையும் சொல்கிறார். எதற்கு? மனிதர்களுக்கும் விலங்குகளுக்கும் பயன்பட. ஆலமரம் நிழலுக்கு. கலிங்கத்துக்கு ஈடாக என்று ஒரு வார்த்தை கிடையாது. ஒரு லட்சம் உயிருக்கு இத்தனை மரம் என்று அவர் விகிதம் போடவில்லை. முக்கியமாக, வருடத்துக்கு ஒரு கலிங்கம் பிடித்துக் கொண்டே வருடத்துக்கு ஒரு தோப்பு வைத்துக் கொண்டிருக்கவில்லை. முதலில் நிறுத்தினார். அப்புறம் நட்டார்.

அவரை மகானாக்கவும் நான் தயாரில்லை. கலிங்கத்தை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. இன்னொரு விஷயம் என்னை எப்போதும் உறுத்தும். ‘வருந்துகிறேன்’ என்கிற அந்தப் பதின்மூன்றாம் கல்வெட்டு, கலிங்கத்தில், தௌலியிலும் ஜௌகடாவிலும் இருக்கிற பாறைகளில் இல்லை. மற்ற ஊர்களில் வெட்டி வைத்தார். அடிபட்ட ஊரில் அதற்குப் பதில் வேறு கல்வெட்டுகள். காரணம் என்னவாகவும் இருக்கட்டும். வருத்தத்தைப் படித்தவர்கள் ஒருத்தர், செத்தவர்கள் இன்னொருத்தர். குடிபண்டே பெண்ணுக்கும் யாரும் எந்தச் சான்றிதழும் அனுப்பியிருக்க மாட்டார்கள்.

அதனால் நான் சொல்ல வருவது, ‘மரம் நடாதீர்கள்’ என்பதில்லை. நடுங்கள். நிறைய நடுங்கள். ஆனால் காருக்காக நடாதீர்கள். நிழலுக்கு நடுங்கள், பழத்துக்கு நடுங்கள், குருவிக்கு நடுங்கள். காருக்குப் பதில் காரிடம்தான் இருக்கிறது. ஓட்டாத கிலோமீட்டர்தான் ஒரே கலப்படமில்லாத ஈடு. அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், புயலில் விழாது, யார் தலையிலும் குடம் ஏறாது. எரிக்காத லிட்டர் லாக்கரிலேயே இருக்கிறது.

எல்லோராலும் நிறுத்த முடியாது, தெரியும். டாக்ஸி ஓட்டிக் குடும்பம் நடத்துகிறவர் இருக்கிறார். டயாலிஸிஸுக்கு அம்மாவை அழைத்துப் போகிற மகன் இருக்கிறான். பஸ்ஸே வராத புறநகரில் வீடு வாங்கி மாட்டிக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கிலோமீட்டர்களை நான் கேட்கவில்லை. அவற்றுக்காக யாரும் வெட்கப்படவும் வேண்டாம். நான் பேசுவது கொத்தமல்லிக் கிலோமீட்டர்களைப் பற்றி. உங்களுக்கும் அப்படிச் சில இருக்கும். எவை என்று உங்களுக்குத்தான் தெரியும்.

தவிர்க்கவே முடியாத மிச்சத்துக்கு, வேண்டுமானால் பணம் கொடுங்கள், மரம் வையுங்கள். ஆனால் அதைத் தீர்ந்த கடன் என்று எழுதாதீர்கள். பாக்கி என்றே எழுதுங்கள். பாக்கி இருக்கிறது என்று தெரிந்தவன் அடுத்த தடவை சாவியை எடுக்கும்போது ஒரு நிமிஷம் யோசிப்பான். டேலி ஆகிவிட்டது என்று நினைக்கிறவன் யோசிக்க மாட்டான். நான் யோசிக்கவில்லையே!

நண்பரின் வேப்பங்கன்று என் வீட்டிலேயே இருக்கிறது. அவர் இருப்பது எட்டாவது மாடி. நட மண் இல்லை. நேற்றுச் சாயங்காலம் அதைத் தூக்கிக் கொண்டு இஸ்திரி வண்டிக்குப் போய், எங்கே வைக்கலாம் என்று கேட்டேன். அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வானத்தைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார்.

“இந்த ஓரமா வைங்க ஸார். பஸ்ஸுக்கு நிக்கறவங்க மேலதான் நாலு மணி வெயில் விழுது.”

குழி தோண்டி வைத்தோம். முதல் குடம் நான் ஊற்றினேன். அப்படியே நடந்து போய்க் கொத்தமல்லி வாங்கி வந்தேன்.